பூவை வரைய வேண்டாம்

முப்பதுகளின் தொடக்கத்தில், ஆவணி மாதக் கடைசியில், ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றை ஒட்டிய ஓர் ஊரின் ஏரிக்கரையில் நடந்தது இது. அப்போது நான் வேலூரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர். சின்ன வகுப்புகளுக்கு இயற்கைப் பாடமும் சித்திரமும் சொல்லிக்கொடுப்பேன். அந்த வருஷம் ஊரெல்லாம் முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா. பள்ளியில் பாதி டீச்சர்கள் படுத்துவிட்டார்கள். எழுந்து நடமாடிய எங்களுக்கு இரட்டை வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடக் குனிய முடியாது. அப்படி ஒரு களைப்பு.

அந்தச் சமயத்தில்தான் தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் விவசாய இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். அவருக்கும் காய்ச்சல் அடித்து விட்டிருந்தது போல. கண் மஞ்சளாக இருந்தது, அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை.

"நீங்க ரங்கூன்ல வளர்ந்தவங்கன்னு சொன்னாங்க. அங்க ஆறு, குளமெல்லாம் மூடிக்கிற ஒரு செடி. ஊதாப் பூ பூக்கும். பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

பார்த்திருக்கிறேனாவது! என் அப்பா அங்கே ஓர் அரிசி மில்லில் குமாஸ்தா. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய கால்வாயில் தண்ணீரையே பார்க்க முடியாது. பச்சைப் பாய் விரித்த மாதிரி அந்தச் செடி. மழைக்காலம் முடிந்ததும் கண்ணுக்கு எட்டிய தூரம் ஊதாப் பூ. சிறு பெண்ணாக இருந்தபோது எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. பிறகு படகுகள் நகர முடியாமல் நின்றதையும், புல்வெளி என்று நினைத்துக் காலை வைத்த ஒரு கன்றுக்குட்டி உள்ளே போய்த் திரும்ப வராததையும் பார்த்தேன். அங்கே அதை 'பேடா' என்பார்கள்.

நான் சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டர் முகம் தெளிந்தது. ஆம்பூர்ப் பக்கத்து ஏரி ஒன்றில் புதிதாக ஏதோ செடி மிதக்கிறது என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. ஆனால் அவரோ, அவர் இலாகாவில் இந்த ஜில்லாவில் இருக்கும் வேறு யாருமோ, அதை உயிரோடு பார்த்ததில்லை. இங்கிலீஷில் அச்சடித்த வர்ணனை மட்டும் கையில் இருக்கிறது. அதுவேதானா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

"அதுவா இருந்தா அடைமழைக்கு முன்னால எடுத்துடணும் டீச்சர். ஏரி நிரம்பி வழிஞ்சா தண்ணி பாலாத்துக்குப் போகும். பாலாத்துல அணைகட்டித்தான் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணி திருப்புறாங்க. அவ்ளோ பெரிய ஏரியில இது போய்ச் சேர்ந்துட்டா, அப்புறம் நம்ம ஆயுசு பத்தாது."

எனக்குப் போக விருப்பமே இல்லை. உண்மையைச் சொன்னால், லீவு கிடைத்திருந்தால் தூங்கியிருப்பேன். ஆனால் தலைமை ஆசிரியை ஏற்கெனவே சரி என்று சொல்லிவிட்டார்.

காட்பாடியில் ரயிலேறி ஆம்பூரில் இறங்கினேன். எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு நர்ஸ் வீட்டில் தங்க ஏற்பாடு. மறுநாள் காலையில் ஜட்காவில் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் முன்னாலேயே வந்து காத்திருந்தார். தோல் பதனிடுகிற ஊர்; காற்றில் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஊறிய தோலும் கலந்த வாடை. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது மூக்கில் ஏறாது. எனக்கு முதல் நாள் முழுக்கத் தலைவலி.

ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. கரைமேல் வைக்கோல் போர் மாதிரி ஒரு குவியல். பிடுங்கிப் போட்ட செடிகள். பாதி காய்ந்து, பாதி அழுகிக்கொண்டிருந்தன. சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள், சில ஆண்கள். ஊர் முன்சீப் சால்வையெல்லாம் போட்டுக்கொண்டு முன்னால் வந்து கும்பிட்டார்.

"எல்லா ஊருக்கும் அனுப்பின சர்க்கார் உத்தரவு வந்ததும் தண்டோரா போட்டுட்டேனுங்க. ஒண்ணு விடாம எடுத்தாச்சு. ஜனங்க ஒரு வாரமா இடுப்பு ஒடிய வேலை செஞ்சாங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்தேன். தண்டு கிடையாது. இலைகள் ரோஜா மாதிரி அடுக்கடுக்காக, வெல்வெட் துணியைத் தொட்ட மாதிரி. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. போரின் அடிவரைக்கும் கையை விட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே செடி. நம் குளங்களில் காலம் காலமாக மிதக்கிற, வைத்தியர்கள் மருந்துக்குத் தேடி வருகிற ஆகாயத்தாமரை.

"உத்தரவுல செடிக்கு என்ன பேர் எழுதியிருந்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆகாயத்தாமரைன்னுதான்" என்றார் முன்சீப்.

மேலே எங்கேயோ ஓர் ஆபீசில், இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் எழுதிய யாரோ, தண்ணீரில் வேர் தொங்க மிதக்கிற செடி என்று படித்துவிட்டுத் தெரிந்த பெயரைப் போட்டுவிட்டார்கள். புதுச் செடிக்குத் தமிழில் அதுவரை பெயரே இல்லை. வேறு என்ன போடுவார்கள்?

தண்ணீரைப் பார்த்தேன். அந்தக் கோடியில், வரத்துக்கால்வாய் ஏரிக்குள் வந்து விழுகிற மூலையில், பளபளவென்று ஒரு பச்சைத் திட்டு. பெரிய வீட்டு முற்றம் அளவுக்கு இருக்கும். அதன் மேல் அங்கங்கே ஊதாப் பூ. பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அதை ஏன் எடுக்கலை?"

குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சலவைக்கார அம்மா பதில் சொன்னார். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான தேகம். கணுக்கால் இரண்டிலும் அட்டை கடித்த காயங்களில் சுண்ணாம்பு தடவியிருந்தார்.

"அதுவா? அது பூச்செடி டீச்சரம்மா. பார்க்க நல்லா இருக்குதேன்னு விட்டுட்டோம்."

இன்ஸ்பெக்டருக்குப் புரிந்துவிட்டது. புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். மறுபடி குளிர் கண்டிருந்தது, பல் கிட்டியது. "நீங்களே சொல்லிடுங்க டீச்சர். எனக்கு வாய் வரலை" என்றார்.

யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்? சொன்னேன். நீங்கள் எடுத்தது வேறு செடி, எடுக்க வேண்டியது அது, பெயரில் நேர்ந்த குழப்பம், உங்கள் மேல் தப்பில்லை. எத்தனை மெதுவாகச் சொன்னாலும் விஷயம் அதுதானே. முன்சீப் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நாங்க ஒரு வாரமா பிடுங்கினது இன்னா?" என்று சலவைக்கார அம்மா கேட்டார்.

"அது நல்ல செடிம்மா. அதனால கெடுதல் இல்லை."

"நல்ல செடியைப் பிடுங்கவா கூலி இல்லாம இறங்கினோம்? துணி வெளுக்கப் போகலை. அடுப்பு ரெண்டு நாள் எரியலை." அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. சொல்லிவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். அவர் போனதும் மற்றவர்களும் போனார்கள். கரையில் நான், முன்சீப், புளியமரத்தடியில் நடுங்கிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர். அவ்வளவுதான்.

அப்படியே திரும்பி ரயிலேறியிருக்கலாம். நான் வந்த வேலை முடிந்துவிட்டது; பார்த்துச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தத் திட்டு கால்வாய் வாயில் இருந்தது என்னை உறுத்தியது. செடி ஏரியில் தானாக முளைக்காது. மேலேயிருந்து வந்துகொண்டிருக்கிறது. வருகிற இடத்தை அடைக்காமல் இங்கே எடுத்து என்ன பிரயோஜனம்? இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டுக் கால்வாய்க் கரையோடு நடந்தேன். முன்சீப் சற்றுத் தள்ளிப் பின்னால் வந்தார்.

கால்வாயில் அதிகம் தண்ணீர் இல்லை. கோரைப்புல்லில் சிக்கி ஒன்று, கல் இடுக்கில் ஒன்று என்று செடிகள் கண்ணில் பட்டன. பூக்காத குட்டிச் செடிகள். பூ இல்லாவிட்டால் அதைக் கண்டுபிடிக்க ஒரே அடையாளம்தான்: இலைக்காம்பு நடுவில் ஊதிக்கொண்டு, உள்ளே காற்றோடு, அழுத்தினால் மெத்தென்று இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக் கரைமேல் உயரத்தில் வீசிக்கொண்டே போனேன். புடவை முழங்கால் வரை சேறு.

தோல் வியாபாரிகள் தெருவின் பின்பக்கம் வந்ததும் செடிகள் நின்றுவிட்டன. அங்கே ஒரு பெரிய வீட்டின் பின்மதில். மதிலின் அடியில் ஒரு தண்ணீர்த் துவாரம். துவாரத்தின் வாயில் பச்சையாக ஓர் இலை எட்டிப் பார்த்தது.

முன்சீப் தயங்கினார். "இது சாயபு வீட்டு ஜனானா பக்கமுங்க. நாங்க ஆம்பளைங்க உள்ள போக முடியாது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, எந்த இன்ஸ்பெக்டர் வந்திருந்தாலும் இந்த மதிலோடு நின்றிருப்பார் என்று.

முன்வாசலில் போய்ச் சொல்லியனுப்பினேன். வீட்டுப் பெரியம்மா, மருமகள்களை அதட்டி மேய்க்கிற தாட்டியான பெண்மணி, வேலூர்ப் பள்ளி டீச்சர் என்றதும் சந்தோஷமாக உள்ளே அழைத்தார். சேற்றுக் காலைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். செடி பார்க்க வந்தேன் என்றதும் சிரித்தார். "செடியா? எங்க சின்ன மருமகதான் ஒரு தொட்டி நிறைய வெச்சுக்கிட்டு பேஜார் பண்றா. வாங்க, காட்டறேன்."

பின்கட்டில் ஒரு காரைத் தொட்டி. அது நிறைய ஊதாப் பூ. பக்கத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி, ஈரக் கையோடு எழுந்து நின்றாள். நான் வாய் தவறி, "பேடா" என்றேன்.

அவள் கண் விரிந்தது. "டீச்சர் ரங்கூனா?"

எந்தத் தெரு, எந்தக் கடைவீதி, எந்தப் படித்துறை என்று ஒரே மூச்சில் கேட்டாள். நானும் சொன்னேன். நாங்கள் மாற்றி மாற்றிப் பேடா, பேடா என்று பேசுவதைப் பார்த்துவிட்டு மாமியார், "பேடா வேணும்னா ஆம்பூருக்கு ஆள் அனுப்பி வாங்கியாரச் சொல்றேன், அதுக்கேன் இவ்ளோ பேச்சு?" என்றார். மிட்டாய் என்று நினைத்துவிட்டார். இருவரும் சிரித்தோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் சிரித்தேன். அவளும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அவள் பிறந்தது ரங்கூனில். அப்பாவுக்கு அங்கே தோல் கடை. அங்கே கலவரம் வந்தபோது கடை போயிற்று. அப்பா அந்த அதிர்ச்சியிலேயே இறந்துவிட்டார். கப்பலேறும்போது, அம்மா கழுவி வைத்திருந்த பால் டப்பாவில் வீட்டுக் குளத்திலிருந்து இரண்டு செடி எடுத்து வந்திருக்கிறாள். அம்மாவும் இங்கே வந்த வருஷமே போய்விட்டார். "அந்த வீட்டுல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான் டீச்சர். தொட்டி ரொம்பிட்டா ஜாஸ்தியானதை அந்த ஓட்டை வழியா தள்ளிடுவேன். தண்ணியில போய்ப் பொழைச்சுக்கட்டும்னு."

கரையில் அந்தப் பெண்களிடம் சொன்னதுகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஆனால் சொன்னேன். அந்தத் துவாரத்திலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து ஏரி, ஏரி வழிந்தால் பாலாறு, பாலாற்றிலிருந்து காவேரிப்பாக்கம். ரங்கூன் கால்வாய்களை அவளுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. கேட்கக் கேட்க அவள் முகம் வெளிறியது. மாமியார் குறுக்கே வந்தார். "இந்த வீட்டு மருமக ஏரியைக் கெடுத்துட்டான்னு ஊர் பேசுமே! இவ பேர் கெட்டா எங்க எல்லார் பேரும் கெட்ட மாதிரி. டீச்சர், இதை வெளியில சொல்லாதீங்க. நாங்களே தொட்டியைக் காலி பண்ணிடறோம்."

மருமகள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினாள். ஒவ்வொரு செடியாக எடுத்துத் தரையில் போட்டாள். வேர்கள் கறுப்பு மயிர்க்கற்றை மாதிரி தரையில் ஒட்டிக்கொண்டன. கடைசியில் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு டீச்சர். கண்ணாடி ஜாடியில, ரூம் உள்ளாரயே வெச்சுக்கறேன். வெளிய விடவே மாட்டேன்."

இரண்டு செடிதான் இந்த ஊருக்கு வந்திருந்தது. ஒன்றாக இருந்தாலும் இதே கதைதான். ஒரு காம்பு நீட்டி, அதன் நுனியில் குட்டி போட்டு, அந்தக் குட்டி இன்னொன்று போட்டு. நான் கூடாது என்று தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. "சரி" என்றாள்.

"கீழே போட வேண்டாம். கொஞ்சம் அப்படியே பிடிச்சுக்கிட்டிருங்க. நான் இதை வரையணும்" என்றேன். வேறு ஊர்களிலும் தப்புச் செடியைப் பிடுங்கிவிடக் கூடாது. பெயரை நம்பிப் பயனில்லை. படம் இருந்தால் யார் பார்த்தாலும் புரியும். பையில் காகிதமும் பென்சிலும் இருந்தன. அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து செடியை நிமிர்த்திப் பிடித்தாள். நான் வழக்கம்போலப் பூவிலிருந்து ஆரம்பித்தேன். முதல் இதழைப் போடுவதற்குள் அவள் சொன்னாள்:

"பூவை வரைய வேணாம் டீச்சர். பூவைப் பார்த்தா யாருக்கும் பிடுங்க மனசு வராது. தண்டை வரைங்க. இந்தக் குண்டுத் தண்டை."

பென்சிலை எடுத்துவிட்டேன். ஏரியில் அந்தப் பெண்கள் அதை விட்டுவிட்டதே பூவுக்காகத்தானே. இவள் இத்தனை நாள் வளர்த்ததும் அதற்காகத்தானே. புதுக் காகிதம் எடுத்து, ஊதிய காம்பையும் தொங்குகிற வேரையும் பளபளப்பான இலையையும் மட்டும் வரைந்தேன். முடியும்வரை அவள் கை ஆடவே இல்லை.

திரும்பிக் கரைக்கு வந்து இன்ஸ்பெக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். மாமியார் கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "செடி எங்க இருக்குதுன்னுதான் என்னை எழுதச் சொன்னாங்க. எங்கிருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கலை. நானும் எழுத மாட்டேன்" என்றார். அந்தக் காய்ச்சல்காரரின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

ஆனால் ஏரியில் இருக்கிற திட்டை யார் எடுப்பது? ஊராரிடம் மறுபடி கேட்க எனக்கு வாயில்லை. கூலிக்கு ஆள் வைக்க வேலூருக்கு எழுதிப் பதில் வருவதற்குள் மழை வந்துவிடும். எந்த முடிவும் இல்லாமல் நர்ஸ் வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். சாப்பிடக்கூட இல்லை.

மறுநாள் காலையில் ஏரிக்குப் போனபோது, தோல் பதனிடும் இடத்து ஆட்கள் வரிசையாகத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சாயபு வீட்டுச் சின்னவர், அதாவது ரங்கூன் பெண்ணின் கணவர், அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை அனுப்பியிருந்தார். மனைவி என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

ஆனால் ஏரியில் எடுக்கிற வேலை அவர்களுக்குப் பழக்கமில்லை. வேகமாக இழுத்தார்கள், செடிகள் பிய்ந்தன, துண்டுகள் அந்தப் பக்கம் மிதந்து போயின. ஒரு துண்டு தப்பினாலும் போதுமே என்று நான் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அப்போது சலவைக்கார அம்மா வந்தார். துணி மூட்டை இல்லை. கூடை மட்டும் இருந்தது. பின்னால் நேற்றுப் போன பெண்களில் பாதிப் பேர். என் பக்கத்தில் வந்து நின்று, நான் வரைந்த படத்தை வாங்கிப் பார்த்தார். ஆட்கள் வீசிய செடி ஒன்றை எடுத்துக் காம்பை அழுத்திப் பார்த்தார்.

"வெங்காயம் மாதிரி இருக்குது. வெங்காயத் தாமரைன்னு சொல்லி தண்டோரா போட்டிருந்தா நாங்க பாட்டுக்கு இதையே எடுத்திருப்போமே" என்றார். பிறகு தண்ணீரைப் பார்த்து, "இப்படிப் பிச்சா எப்பிடி? அடியில கூடையைக் கொடுத்துத் தூக்கணும்" என்றார். அவர்கள் வீட்டில் ஏரித்தண்ணீரில் இறங்குவது தினப்படி வேலை. சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். என்னை மன்னித்துவிட்டாரா, யாராவது கேட்டு வந்தாரா, ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெயில் ஏறிய நேரத்தில் திரை போட்ட கூண்டு வண்டி ஒன்று கரைமேல் வந்து நின்றது. பானைகளில் கஞ்சியும் மோரும் இறங்கின. வண்டிக்குள் ரங்கூன் பெண் இருந்தாள். கல்யாணமாகி வந்த பிறகு அந்த ஏரியைப் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம். திரையை விலக்கி, தண்ணீர்மேல் இன்னும் மிச்சமிருந்த பச்சையைப் பார்த்தாள்.

"இவ்ளோவா ஆயிடுச்சு" என்றாள் என்னிடம்.

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். மோர் குடிக்க மேலே வந்த சலவைக்கார அம்மாவைப் பார்த்து, புர்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டு, "அது எங்க வீட்டுச் செடிம்மா. நான்தான் வளர்த்தேன். தெரியாம தண்ணியில விட்டுட்டேன்" என்றாள். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். பெண்கள் குவளையை வாயிலிருந்து எடுத்துவிட்டார்கள். மாமியார் பயந்தது இதைத்தானே.

சலவைக்கார அம்மா மோரைக் குடித்து முடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார். அவளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார்.

"சரி. சும்மாதானே உக்காந்திருக்கே? இறங்கி வந்து இந்தக் கூடையை ஒரு பக்கம் பிடி. எனக்குக் கை விட்டுப்போச்சு."

அவள் இறங்கினாள். புர்காவின் கீழ்முனையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நீர் சொட்டுகிற கூடையின் ஒரு காதைப் பிடித்தாள். இருவரும் கரையின் மறுசரிவுக்கு, தண்ணீர் எட்டாத மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடி போனார்கள். நானும் ஒரு கூடையைப் பிடித்தேன். பொழுது சாயும்வரை அந்தக் கரையில் கூடை இறங்கவும் ஏறவும் இருந்தது. கால் வலித்தது, கை வலித்தது, தண்ணீர் நாறியது, அட்டை கடித்தது. அதைத் தவிர அன்றைக்கு மத்தியானத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மறுநாளும் வேலை இருந்தது. நான் பள்ளிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. காய்ந்த செடிகளைக் கொளுத்தியதாகவும், அந்தப் பெண்கள் முறைவைத்துக் கால்வாயைப் பார்த்து வந்ததாகவும் இன்ஸ்பெக்டர் பிறகு சொன்னார். அந்த வருஷம் ஏரி நிரம்பி வழிந்தது. பாலாற்றில் இரண்டு கரையும் தொட்டு வெள்ளம் வந்தது. அணைக்கட்டிலும் காவேரிப்பாக்கம் ஏரியிலும் ஆட்கள் என் படத்தை வைத்துக்கொண்டு தேடினார்கள். ஒன்றும் வரவில்லை.

அதோடு கதை முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சில வருஷங்களில் அந்தச் செடி வேறு எங்கிருந்தோ, வேறு யாருடைய பூந்தொட்டியிலிருந்தோ, வேறு வழியாக நம் பக்கத்து நீர்நிலைகளுக்கு வந்துவிட்டது. இன்று ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாக அந்த ஊதாப் பூக்களைப் பார்க்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள்.

அந்த ஊருக்கு நான் மறுபடி போகவில்லை. ரங்கூன் பெண்ணையும் சலவைக்கார அம்மாவையும் அதற்குப் பிறகு பார்க்கவும் இல்லை. வயதாகிவிட்டது; சின்ன விஷயத்துக்கெல்லாம் சலிப்பு வருகிறது. ஆனால் ஒரு வாரம் பட்ட பாடு வீண் என்று தெரிந்த மறுநாள் காலையிலேயே ஒருத்தி மறுபடி தண்ணீரில் இறங்கியதையும், தன் தவறைத் தானே சொல்லிவிட்டு இன்னொருத்தி அவள் கூடையைப் பிடித்ததையும் கண்ணால் பார்த்த பிறகு, 'போதும், இனி என்னால் ஆகாது' என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பெரும்பாலும் சொல்லாமல் எழுந்துவிடுகிறேன்.